ஒரு குளம்பும் பின்வைக்கப்படுவதில்லை

"பெரிய பாவங்களை விட்டுவிட்டேன், ஆனால் சின்னச் சின்ன சமரசங்களில் தினமும் தோற்கிறேன். எப்படி எதிர்த்து நிற்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆறு ஆண்டுகள் மனதுக்குள்ளேயே வைத்திருந்த கேள்வி இது.

வேதாகமத்தில் யாத்திராகமம் 8ஆம், 10ஆம் அதிகாரங்களை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலரை, தேவனுக்குப் பலியிடப் போகவிடும்படி மோசே கேட்கிறான். தேவன் அனுப்பிய வாதைகள் நெருக்கியபோது எகிப்தின் ராஜாவான பார்வோன் நான்கு முறை பேரம் பேசுகிறான். இந்தத் தேசத்திலேயே பலியிடுங்கள் என்கிறான். பிறகு, போங்கள், ஆனால் அதிக தூரம் போகவேண்டாம். பிறகு, ஆண்கள் மட்டும் போங்கள். கடைசியில், எல்லோரும் போங்கள், ஆடுமாடுகளை மட்டும் விட்டுவிடுங்கள். எவ்வளவு நியாயமாகக் கேட்கிறது! களைத்துப்போனவன் நான்காவது பேரத்திற்கு நிச்சயம் தலையாட்டியிருப்பான். மோசேயோ, "ஒரு குளம்பும் பின்வைக்கப்படுவதில்லை" என்றான்.

நான் விட்டுவைத்த குளம்பு என் வேலையில் இருந்தது. இன்னும் முடிந்திராத ஒரு பணியை மாத அறிக்கையில் முடிந்ததாகக் காட்டும்படி மேலாளர் சொன்னார். இரண்டு நாளில் முடிந்துவிடும்தானே என்று நானும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதே நாட்களில் சபையில் துதிப்பாடல்களை நடத்தினேன். பாடும்போது கண்ணீர் வந்தது, அது உண்மையான கண்ணீர்தான். இரண்டும் ஒரே மனதுக்குள் சண்டையில்லாமல் குடியிருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. ஜெபத்தில் குடும்பம் வரும், சபை வரும், ஊழியம் வரும். வேலை மட்டும் வராது. உங்கள் ஜெபத்தில் எது வருவதே இல்லை என்று பாருங்கள், தேட வேண்டிய இடம் அதுதான்.

ஆபிரகாமின் சகோதரன் மகனான லோத்தும் முதலில், பாவத்துக்குப் பேர்போன சோதோமுக்கு நேரே கூடாரம்தான் போட்டான். ஆதியாகமம் 19இல் அதே ஊரின் வாசலில் உட்கார்ந்திருக்கிறான்.

சோதனையோடு வாதாடி நான் ஒருமுறைகூட வென்றதில்லை. யோசேப்பைப் பாருங்கள்: அவனுடைய எஜமானாகிய போத்திபாரின் மனைவி தன்னோடு சயனிக்கும்படி நித்தம் நித்தம் பேசியும் அவளோடு இருக்கக்கூட அவன் சம்மதிக்கவில்லை. கடைசியில் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். 1 கொரிந்தியர் 10:13 சொல்லும் தப்பிக்கொள்ளும் போக்கு எனக்கு எப்போதும் ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நின்ற நாட்களில்தான் விழுந்தேன்.

என்னைத் திருப்பியது, குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16. சபையில் ஒரு மூத்த சகோதரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை, சமாதானப்படுத்தவும் இல்லை. "நாளைக்கே மேலாளரிடம் பேசுங்கள் தம்பி" என்றார். பேசினேன், பழைய அறிக்கைகளையும் திருத்திக் கொடுத்தேன். அந்த ஆண்டு எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. கீழ்ப்படிந்தால் எல்லாம் கூடிவரும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை, வலித்தது. ஆனால் அன்று இரவு ஜெபத்தில் வேலையைப் பற்றியும் பேச முடிந்தது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். விழுந்த நாளில் ஜெபிக்காமல் படுக்காதீர்கள். 'முதலில் சரியாகிவிட்டுப் பிறகு வருகிறேன்' என்று தேவனிடமிருந்து விலகியிருந்த வாரங்களில்தான் நான் மேலும் ஆழமாகப் போனேன். அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்று 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தச் சகோதரர் இன்றும் வாரத்திற்கு ஒருமுறை அழைத்து, "இந்த வாரம் எதை விட்டுவைத்தீர்கள்?" என்று கேட்கிறார். உங்களிடம் அப்படிக் கேட்க யாராவது இருக்கிறார்களா? இல்லையென்றால் இந்த வாரமே ஒருவரிடம் போய்ப் பேசுங்கள்.