பீரங்கி உறை முதல் குத்துவிளக்கு வரை: பித்தளை துலக்கக் கேள்வி பதில்

பீன்யாவில் பாலிஷ் பட்டறை நடத்தியவன் நான். அதனால் பண்டிகை நெருங்கும்போதெல்லாம் பெங்களூர் தமிழ் ஆட்கள் பித்தளைச் சந்தேகங்களோடு என்னைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த முறை வந்ததில் சில.

அல்சூரிலிருந்து: அண்ணா, எங்கள் தாத்தா ராணுவத்தில், மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையில் இருந்தவர். அவர் கொண்டுவந்த பீரங்கிக் குண்டின் பித்தளை உறை வீட்டில் பூச்சாடியாக நிற்கிறது. மேலெல்லாம் கறுத்து, அடியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

தேய்க்கிறது அப்புறம். முதலில் மெதுவாகச் சாய்த்து அடித்தட்டைப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு மூடி தெரியும், அதுதான் பிரைமர், உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைப்பது. அதை ஏற்கெனவே யாரோ கழற்றி, வெறும் ஓட்டையாக இருந்தால் நல்லது. ஊசி குத்திய குழி இருந்தால் வெடித்து முடிந்தது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். குழியே இல்லாமல் முழுசாக இருந்தால் கை வைக்காதீர்கள், போலீசுக்குச் சொல்லிவிடுங்கள்.

அதே தட்டில் வருஷமும் செய்த இடத்தின் முத்திரையும் பொறித்திருப்பார்கள். உங்கள் சாடியின் ஜாதகமே அதுதான். தேங்காய் நார், கம்பிச் சுருள் எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கிவிடும்.

புளியில் இருக்கும் புளிப்புதான் கறுப்பைக் கரைக்கிறது. ஆனால் எத்தனை புளிப்பு என்று அளக்க முடியாது. அதற்கு மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் மேல், நம் ஊர்க் கடைகளில் நிம்பெ உப்பு என்று கேட்டால் தருவார்கள். முதலில் வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட், 5 நிமிஷம் ஊறட்டும். எடுத்துப் பாருங்கள், தேவையென்றால் இன்னொரு 5 நிமிஷம். விளிம்பு மடிப்பில் இருக்கும் பச்சையை ஈர்க்குச்சி நுனியால் கீறி எடுங்கள். கடைசியில் சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒரு முக்கு, நல்ல தண்ணீரில் ஒரு அலசு, உடனே துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். சாப்பாட்டு உப்பு சேர்க்கவே வேண்டாம், பித்தளையை அரிக்கும். அடுப்பில் காட்டிக் காய வைப்பதும் கூடாது.

இவ்வளவு செய்தாலும் கண்ணாடி மாதிரி மின்னாது, மங்கிய தங்க நிறம்தான் வரும். தாத்தா காலத்துச் சாமானுக்கு அது போதும் என்பேன்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து: நான் ராத்திரி முழுக்க எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டேன். காலையில் செம்பு மாதிரி இளஞ்சிவப்பாகிவிட்டது. போலிப் பித்தளையா அண்ணே?

அசல்தான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். தோட்டா உறைப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். புளிப்பில் ரொம்ப நேரம் கிடந்தால் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் முதலில் கரைந்து போய்விடும், மிச்சமிருக்கும் செம்பு சிவப்பாகத் தெரியும். மெல்லிய படலம்தான். ஈர விபூதியைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

சிவாஜி நகரிலிருந்து: மூக்கில் நெடி ஏறும் திரவ பாலிஷ் ஒன்று வைத்திருக்கிறேன். அரை நிமிஷத்தில் பளபளக்கிறது. அதில் என்ன தப்பு?

அந்த நெடி அம்மோனியாவாக இருக்கும். கனமான வார்ப்புக் குத்துவிளக்கு தாங்கிக்கொள்ளும். தகட்டை இழுத்துச் செய்த தோட்டா உறை, மெல்லிய சொம்பு இதெல்லாம் வேறு கதை. இழுக்கும்போது உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது, அம்மோனியா பட்டால் அந்த இடத்தில் விரிசல் விடும்.

இதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்ததே இந்தியாதான். பிரிட்டிஷ் காலத்தில் மழைக்காலம் வந்தால் படை நடமாட்டம் குறையும், தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைப்பார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் உறையெல்லாம் வெடிப்பு. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் விளக்கினார்கள். அதனால் அந்த பாலிஷைத் தொட்டே தீர வேண்டுமென்றால் விளக்கோடு நிறுத்துங்கள், பிறகு சுத்தமாகக் கழுவிவிடுங்கள்.

கம்மனஹள்ளியிலிருந்து: சார், பையன் ரைபிள் கிளப்பில் .22 என்கிற சின்ன ரகத் தோட்டா சுடுகிறான். காலி உறைகளைப் பொறுக்கிக் கழுவி வைத்தால் மறுபடி மருந்து அடைக்கலாமாமே?

.22இல் முடியாது. அதில் தனி பிரைமர் கிடையாது, பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடும், அதோடு சரி. நடுவில் பிரைமர் உள்ள பெரிய வகைகளைத்தான் மறுபடி அடைப்பார்கள். அதுவும் வீட்டில் பொழுதுபோக்காகச் செய்கிற வேலை இல்லை, ஆயுதச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் அப்படி மறுபடி அடைப்பவர்கள் உறைகளை எஃகு ஊசிகளோடு தண்ணீர் டிரம்மில் உருட்டியோ, வால்நட் ஓட்டுத் தூளோடு அதிர்வு இயந்திரத்தில் போட்டோ சுத்தம் செய்கிறார்கள். நம் பட்டறைகளில் சின்னச் சாமான்களுக்கு உருளை டிரம் போடுவதும் அதே வித்தைதான். பையனிடம் காலி உறைகளை ரேஞ்சிலேயே ஒப்படைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பையின் மூலையில் ஒன்று ஒளிந்திருந்தாலும் கெம்பேகவுடா விமான நிலைய ஸ்கேனர் கண்டுபிடித்துவிடும், அப்புறம் விமானத்தை மறந்துவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கே.ஆர்.புரத்திலிருந்து: விளக்கு துலக்கினால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி. பவுடர் சரியில்லையோ?

பவுடரைத் திட்டாதீர்கள், போர்வெல் தண்ணீர்தான். கடைசி அலசலை மட்டும் ஆர்ஓ தண்ணீரில் செய்து, சொட்டு நிற்க விடாமல் துடைத்துவிடுங்கள்.

மடிவாளாவிலிருந்து: புதிதாக வாங்கிய பித்தளை யானை. எவ்வளவு தேய்த்தாலும் கறை போகவில்லை, திட்டுத் திட்டாக இருக்கிறது.

மேலே லாக்கர் பூச்சு இருக்கும், கறுக்காமலிருக்க அடிக்கும் வார்னிஷ் மாதிரி. அது உரிந்த இடத்தில் மட்டும் கறுக்கிறது. அசிட்டோன் நனைத்த பஞ்சால் பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டு அப்புறம் துலக்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது.