பரவாயில்லை ரகப் புத்தகங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், உங்கள் பரிந்துரைகளில் பாதிக்கு மேல் 'பரவாயில்லை, படிக்கலாம்' என்றே முடிகிறது. ஒன்று வாங்கு என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் புத்தகத்துக்கு எதற்காகக் காசு செலவழிக்க வேண்டும்? (தேனி வாசகர்)

பதில்: நான் படிப்பதில் பெரும்பாலானவை அந்த நடுவில் நிற்கும் ரகம்தான், அதனால்தான் அப்படி எழுதுகிறேன். என்னைப் புரட்டிப்போட்ட புத்தகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் கொஞ்சம் இடம் அபாரமாகவும் மீதி இடம் இழுவையாகவும் இருந்தவை, அந்தக் கொஞ்ச இடத்துக்காக அவற்றின் மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் உண்டு. ஆனால் பிரியம் இருக்கிறது என்பதற்காகக் காவியம் என்று தூக்கி வைக்க மனசு வரவில்லை. இப்போது புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், இல்லையென்றால் குப்பை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள், இரண்டையும் நம்பி வாங்குகிறவர் ஏமாந்துபோகிறார். ஒரு புத்தகத்தில் எது நன்றாக இருக்கிறது, எவ்வளவு தூரத்துக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்வதுதான் உருப்படியான பரிந்துரை என்று நினைக்கிறேன். காசு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இந்த ரகத்தை நூலகத்தில் எடுங்கள்.

கேள்வி: 'தி மார்ஷியன்' மிகவும் பிடித்துப்போய் அதே ஆண்டி வீயர் எழுதிய 'ஆர்ட்டெமிஸ்' வாங்கி வைத்திருக்கிறேன். நண்பர்கள் எல்லாரும் மோசம் என்கிறார்கள். பிரிக்கவா, வேண்டாமா? (ஓசூர் வாசகி)

பதில்: பிரியுங்கள். 2017-இல் வந்த நாவல் அது. சந்திரனில் இரண்டாயிரம் பேர் வாழும் ஒரு ஊர், அங்கே மூட்டை சுமந்து, கூடவே கடத்தலும் செய்து பிழைக்கும் ஜாஸ் என்ற பெண், அவள் தலையில் வந்து விழும் ஒரு நாசவேலை. உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜாஸ் வாயைத் திறந்தால் நக்கல், ஆபத்திலும் நக்கல், அப்பாவோடு பேசும்போதாவது நிறுத்துவாளா என்றால் அங்கேயும் முழுசாக நிறுத்துவதில்லை. ஒரு கட்டத்தில் அலுத்துவிடுகிறது.

ஆனால் அந்த ஊரை அவர் கட்டியிருக்கும் விதம் இருக்கிறதே, அதற்காகவே படிக்க வேண்டும். ஊருக்குள் இருப்பது சுத்த ஆக்ஸிஜன், அழுத்தமோ பூமியில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். நம் காற்றிலும் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு என்பதால் நுரையீரலுக்குக் கிடைப்பது அதே அளவு, மூச்சுக்குக் குறைவில்லை. ஆனால் அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், கொடைக்கானலில் பருப்பு வேக நேரமாகிறதே அதே கணக்குதான். ஆர்ட்டெமிஸில் 61 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதற்கு மேல் அங்கே யாருக்கும் காப்பி சூடாகக் கிடைக்காது! இந்த ஒரு வரியில் அந்த ஊர் எனக்கு நிஜமாகிவிட்டது. அப்புறம் பணம். பூமியிலிருந்து ஒரு கிராம் சரக்கைக் கொண்டுவந்து இறக்க ஆகும் கட்டணம்தான் அங்கே செலாவணி. இந்த ஊரைக் கட்டியதும் அமெரிக்கா இல்லை, கென்யா. நிலநடுக்கோட்டில் இருக்கும் நாடு என்பதால் பூமி சுழலும் வேகத்தில் வினாடிக்குச் சுமார் 465 மீட்டர் ராக்கெட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒரு நாடு எப்படி முன்னுக்கு வரலாம் என்று யோசித்திருக்கிறார். அலுமினிய ஆலையும் அப்படித்தான். சந்திரப் பாறையை உருக்கி உலோகத்தைப் பிரித்தால் ஆக்ஸிஜன் மிச்சமாக வரும், ஊரே அதைத்தான் சுவாசிக்கிறது. அப்படியானால் ஆலை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் ஊரின் குரல்வளை. கதையின் சண்டை முழுக்க இதிலிருந்துதான் கிளம்புகிறது, இந்த இடத்தை இன்னும் பெரிய எழுத்தாளர் ஒருவர் எழுதியிருந்தால் எங்கேயோ போயிருக்கும்.

கேள்வி: அவருடைய 'ப்ராஜெக்ட் ஹெயில் மேரி'? (அதே வாசகி)

பதில்: 2021-இல் வந்தது, நிச்சயமாக ஒரு படி மேலே. சூரிய ஒளியைத் தின்னும் நுண்ணுயிர், பூமியைக் காப்பாற்ற நட்சத்திரம் தேடிப் போகும் பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியர் என்பதெல்லாம் தெரிந்த பாதைதான். வழியில் அவர் சந்திக்கும் ராக்கி என்ற வேற்றுலகப் பொறியாளருக்காகப் படியுங்கள். ராக்கியின் கிரகத்தில் காற்று அவ்வளவு அடர்த்தி, தரைக்கு வெளிச்சமே வராது. அதனால் அந்த இனத்துக்குக் கண் கிடையாது, எல்லாம் காதுதான். விண்கலம் செய்யும் அளவுக்கு அறிவு வந்தும் கதிர்வீச்சு என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை, அதற்கு அவர்கள் கொடுத்த விலையைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பூமியில் நடக்கும் பின்கதை அத்தியாயங்களில்தான் புத்தகம் சுமாராகிறது.

கேள்வி: லியூ சிக்சினின் 'த்ரீ-பாடி பிராப்ளம்' பாதியில் நிற்கிறது. தொடரலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: சீனாவின் கலாசாரப் புரட்சியில் ஒரு பேராசிரியரை மகளின் கண்ணெதிரே அடித்துக் கொல்லும் முதல் காட்சியைத் தாண்டியும் உங்களுக்கு ஒட்டவில்லையென்றால் விட்டுவிடலாம். அவர் எழுதும் மனிதர்கள் கடைசிவரை அப்படியேதான் இருப்பார்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள், மூன்று கோடிப் படைவீரர்களைக் கொடி பிடிக்க வைத்து ஒரு கணினியாக இயக்கும் அத்தியாயம் ஒன்று வரும், அதை மட்டும் தேடிப் படித்துவிட்டு மூடுங்கள்.

கேள்வி: ஆர்தர் சி. கிளார்க் இவ்வளவு காலம் இங்கே இருந்தாரே, இலங்கையை வைத்து அவர் எழுதிய நாவல் படிக்கத் தகுமா அண்ணா? (யாழ்ப்பாண வாசகி)

பதில்: 1956-இலிருந்து 2008-இல் மறையும்வரை இலங்கைதான் அவருக்கு வீடு, அந்தப் பாசம் 1979-இல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் நன்றாகவே தெரிகிறது தங்கச்சி. தரையிலிருந்து விண்வெளிக்குக் கம்பிவடம் கட்டி அதில் ஏறிப்போகும் மின்தூக்கிதான் கதை. வடத்தின் முக்கிய இடம் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றும் பாதையில் இருக்க வேண்டும், அந்தப் பாதை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலேதான் அமையும். இலங்கை அங்கே இல்லையே! கிளார்க் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டு, அதை முன்னுரையில் ஒளிக்காமல் சொல்லியும் விடுகிறார். சிவனொளிபாத மலைதான் வேறு பெயரில் வடம் இறங்கும் இடம், உச்சியில் மடம், இடத்தைவிட்டு நகர மறுக்கும் துறவிகள். சிகிரியாவின் மன்னன் காசியப்பனும் வேறு பெயரில் வருகிறான். வடம் கட்ட வரும் எஞ்சினியருக்கும் மடத்துக்கும் நடக்கும் அந்த இழுபறியும், கடைசியில் வடத்தில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்ற அவர் தனியாக மேலே போகும் பகுதியும் முதல் தரம். நடுவில் வேற்றுலக ஆய்வுக்கலம் ஒன்று வந்து போகிறது, அது இந்தக் கதைக்குத் தேவையே இல்லை. ஹியூகோ, நெபுலா என்று இரண்டு பெரிய விருதுகளும் வாங்கிய புத்தகம்தான், ஆனாலும் என் கணக்கில் பாதிதான் தேறும். அந்தப் பாதியை உங்கள் ஊர்க்காரர்கள் தவறவிடக் கூடாது.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் மனிதகுல வரலாறு பற்றிய 'சேப்பியன்ஸ்' படித்துவிட்டு எதற்கெடுத்தாலும் ஹராரி சொல்கிறார் என்கிறான். அவ்வளவு பெரிய புத்தகமா அது? (கோவை வாசகி)

பதில்: மகன் ஒரு புத்தகத்தோடு இப்படி ஒன்றியிருப்பதே சந்தோஷமான விஷயம் அம்மா, அணைத்துவிடாதீர்கள். கோதுமையை மனிதன் பழக்கவில்லை, கோதுமைதான் மனிதனைப் பழக்கி வயலில் முதுகொடிய வேலை வாங்கியது என்று திருப்பிப் போட்டுக் காட்டும் பகுதி நிஜமாகவே நல்ல எழுத்து. சிக்கல் என்னவென்றால், சான்று உறுதியாக இருக்கும் இடத்திலும் வெறும் ஊகமாக இருக்கும் இடத்திலும் அவர் ஒரே குரலில், அதே நிச்சயத்தோடு பேசுகிறார். அடுத்தமுறை மகன் ஆரம்பித்தால், இதற்கு ஆதாரம் என்ன கொடுத்திருக்கிறார் கண்ணா என்று அக்கறையோடு கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பின்னால் தவறு என்று தெரிந்த விஷயங்கள் உள்ள அபுனைவு நூல்களைப் படிப்பது வீண்தானே? (சேலம் வாசகர்)

பதில்: எந்தத் தவறு, எவ்வளவு இடத்தில் என்பதைப் பொறுத்தது. மால்கம் கிளாட்வெல் 2008-இல் எழுதிய 'அவுட்லையர்ஸ்' எதிலும் தேர்ச்சி பெறப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பதை ஒரு விதியாகவே பரப்பிவிட்டது. பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து அந்த எண்ணுக்கு மூலமான உளவியலாளர் எரிக்சன், அது இருபது வயதில் சிறந்த மாணவர்களின் சராசரி மட்டுமே, அவர்களிலேயே பலர் அந்த எண்ணைத் தொடவில்லை என்று பின்னால் விளக்கினார். புத்தகத்தின் முதுகெலும்பிலேயே கோளாறு என்பதால் அதை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை.

டேனியல் கானமனின் 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' வேறு. ஒரு சொல்லைக் காட்டினாலே நம் நடத்தை மாறும் என்கிற மாதிரி ஆய்வுகளை நம்பி ஓர் அத்தியாயம் எழுதினார், அவற்றில் பல பின்னால் நிற்கவில்லை, சிறிய ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று 2017-இல் அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு அந்த ஒப்புதலுக்குப் பிறகு அவர் மேல் மரியாதை கூடியது. அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டு, இஸ்ரேலில் அவர் குழு ஒரு பாடப்புத்தகம் எழுதிய கதைக்குப் போங்கள். எவ்வளவு காலம் ஆகும் என்று எல்லாரும் போட்ட கணக்கு இரண்டு ஆண்டுக்கு முன்பின். இது போன்ற மற்ற குழுக்கள் என்ன ஆயின என்று கூட இருந்த நிபுணரைக் கேட்டால், பத்தில் நான்கு முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து ஆண்டுகள் என்கிறார். அதைக் கேட்டும் வேலையைத் தொடர்ந்தார்கள். எட்டு ஆண்டுகள் ஆயின, புத்தகம் கடைசியில் பயன்படவும் இல்லை. வீடு கட்டப் போகிறவர்கள், கல்யாண பட்ஜெட் போடுகிறவர்கள் எல்லாருக்கும் இந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன்.

கேள்வி: சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையும் பரவாயில்லை ரகம் என்பீர்களோ? (மதுரை வாசகர்)

பதில்: ஆமாம், அவர் மேல் உள்ள அன்போடேயே சொல்கிறேன். ஜீனோ என்ற அந்த இயந்திர நாய் தமிழில் பிறந்த அருமையான பாத்திரங்களில் ஒன்று, புத்தகம் படித்துப் படித்து அது மனிதத்தன்மை அடைவதை எத்தனை தரம் படித்தாலும் பிடிக்கிறது. ஆனால் வாராவாரம் ஆனந்த விகடனில் வந்த தொடர் அது, ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் முடிந்தாக வேண்டும், மொத்தமாக உட்கார்ந்து படித்தால் அந்தத் திருப்பங்கள் களைப்பாக்குகின்றன. சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சி எப்படி நடக்கிறது என்பதை இன்னும் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். தினமும் ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு, வீட்டில் பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், ஜீனோ பேசும் இடங்களை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.