சுய உதவிக் குழுவில் ஊக்குநர் என்பவர் யார்? அவருக்கு என்ன வேலை?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் 12 முதல் 20 பெண்கள் சேர்ந்து சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்குவதுதான் மகளிர் சுய உதவிக் குழு. அரசுத் திட்டமாக 1989-ல் தருமபுரியில் தொடங்கியது. உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் தலைவிதான் ஊக்குநர். துணைக்கு இரண்டு பிரதிநிதிகள்.

இவர் எதற்கு? கூட்டத்தை நடத்தி, வசூலையும் கணக்கையும் ஒழுங்காக வைக்கத்தான். அடமானம் இல்லாமல் கடன் தரும் வங்கி, குழுவின் ஒழுங்கைத்தான் பார்க்கிறது. 15 பேர் வாரம் 50 ரூபாய் போட்டால் 26 வாரத்தில் 19,500 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் ஆறு மாதமாகத் தவறாமல் கூட்டம் நடந்ததா, உள்கடன் திரும்பி வந்ததா என்று தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். அதில் வாராவாரம் விழும் கையெழுத்தும் கைநாட்டும்தான் குழுவின் சொத்து.

ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி இது: இறைக்க இறைக்க ஊறும், தூர்வாராமல் விட்டால் வற்றும். பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்தான். வசூலான பணம் அன்றே பேரேட்டில் ஏறாமல், "அப்புறம் எழுதிக்கலாம்" என்று ஊக்குநரின் சுருக்குப்பையிலேயே தங்கிவிடும். இரண்டு வாரம் கழித்து யார் கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்று சண்டை. கூட்டத்திலேயே எண்ணி, எழுதி, சத்தமாக வாசித்துவிட வேண்டும்.

ஊக்குநரைப் பலரும் அரசு ஊழியர் என்றே நினைக்கிறார்கள். அவரும் மற்றவர்களைப் போலச் சந்தா கட்டும் ஓர் உறுப்பினர்தான், சரியில்லை என்றால் குழுவே கூடி மாற்றலாம்.