வாசகர் கேள்வி: பழைய அனிமேயில் புதிய கோடுகள்

கேள்வி: சின்ன வயதில் பிரெஞ்சு டப்பிங்கில் பார்த்த டிராகன் பால் இசட் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை (அனிமே) மகளுக்குக் காட்டலாமே என்று காவடி விடுமுறையில் அதன் திருத்திய பதிப்பான ‘காய்’யைப் போட்டேன். சில இடங்களில் கோடுகள் வேறு மாதிரி இருக்கின்றன. படத்தை மாற்றிவிட்டார்களா?
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: ஆமாம், மாற்றித்தான் இருக்கிறார்கள். 1989இல் தொடங்கிய தொடர் அது, செல் என்ற ஒளி ஊடுருவும் தாளில் கையால் வரைந்து, வண்ணம் பூசி, பிலிமில் எடுத்தது. 2009இல் ‘காய்’ தயாரானபோது பிலிம் பழுதான இடங்களில் பழைய கோட்டின் மேலேயே கணினியில் திரும்ப வரைந்தார்கள். ரத்தம் தெரிந்த சில காட்சிகளையும் திருத்தினார்கள். பழுதைச் சரிசெய்வது சரி, அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் நன்றாக இருப்பதை ஏன் தொட வேண்டும்? 1995இல் வந்த ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ அனிமே படத்தின் தொடக்கத்தில் நாயகி மோட்டோகோ மாடி உச்சியிலிருந்து குதிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் வந்த 2.0 பதிப்பில் அங்கே முப்பரிமாணக் கணினி உருவம் நிற்கிறது, தோல் மெழுகு பூசியது மாதிரி வழவழவென்று. கொஞ்ச நேரத்தில் அதே மோட்டோகோ கையால் வரைந்த முகத்தோடு வருகிறாள், அப்புறம் எப்படி மனம் ஒட்டும்? படம் முழுக்கப் பரவியிருந்த பச்சைச் சாயலையும் பல இடங்களில் ஆரஞ்சாக்கிவிட்டார்கள்.

மகளுக்குக் ‘காய்’ போதும், இழுவைக் காட்சிகளை வெட்டியிருப்பதால் கதை வேகமாக நகரும். நீங்கள் மட்டும் பழையதைத் தேடிப் பாருங்கள்.