செம்பியன்கண்டியூர்க் கற்கோடரியின் குறிகளை ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்ய முடியுமா?

இப்போதைக்கு முடியாது. மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் கிடைத்து 2006இல் பேசப்பட்ட கற்கோடரியின் நான்கு குறிகளைச் சிந்துவெளி எழுத்துகள் என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இனங்கண்டார் (இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு). ஆனால் அந்தச் சிந்துவெளி எழுத்துக்கே ஒருங்குறியில் இன்னும் குறியெண்கள் (கணினி ஒவ்வோர் எழுத்தையும் அடையாளம் காணும் எண்கள்) வழங்கப்படவில்லை.

சிந்துவெளி எழுத்து இன்னும் வாசிக்கப்படாதது மட்டுமே இதற்குக் காரணமன்று. கிரேக்கத்தின் கிரீட் தீவில் கிடைத்த பைஸ்டோஸ் களிமண் வட்டின் குறிகள் 2008இலும் அத்தீவின் பழைய எழுத்தான லீனியர் ஏ 2014இலும் ஒருங்குறியில் சேர்ந்துவிட்டன. அவற்றையும் இன்றுவரை உறுதியாக வாசித்தவர் இல்லை. சிந்துவெளி எழுத்துகள் எத்தனை என்பதே உண்மையான சிக்கல். மகாதேவனின் 1977ஆம் ஆண்டுத் தொகுப்பு 417 குறிகளைக் காட்ட, 600க்கும் மேல் எண்ணும் பட்டியலும் இருக்கிறது. மீன் குறியின் தலைக்கு மேல் கூரை போன்ற கோடு வந்தால் அது தனி எழுத்தா, இரண்டின் சேர்க்கையா? தமிழில் ‘கி’யின் ஒலி தெரிவதால்தான் அதைக் ககரம், இகரக் குறி என இரு குறியெண்களாகத் தயக்கமின்றிச் சேமிக்கிறோம். ஒலி தெரியாத இடத்தில் அப்படிப் பிரிப்பது ஊகமே. அதிலும், ஒருமுறை வழங்கிய குறியெண்ணை ஒருங்குறி திரும்பப் பெறுவதில்லை என்பதால், அவசரம் ஆகாது என்பது என் கருத்து.

அதுவரை ஆய்வாளர்கள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் (அவரவர் தம் குறிகளை வைத்துக்கொள்ள ஒதுக்கிய இடம்) இயங்கும் எழுத்துருக்களையோ பட்டியல் எண்களையோ பயன்படுத்தலாம். எழுத்துரு இல்லாத கணினியில் வெறுங்கட்டமே தெரியும் என்பதால், எண்ணுடன் கோடரியின் படத்தையும் இணைப்பது நல்லது.