முட்டம் கடற்கரையில் தெரியும் இரண்டு நட்சத்திரங்கள்: எது பெரியது?

கேள்வி: பிப்ரவரியில் இரவு ஒன்பது மணி வாக்கில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் கடலைப் பார்த்துத் தெற்கே திரும்பி நின்றால், உயரத்தில் ஒரு நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிறது. அதற்கு ஏறக்குறைய நேர் கீழே, கடலுக்கு மேலே, கொஞ்சம் மங்கலாக இன்னொன்று. பளிச்சென்று இருப்பதுதான் பெரியதா என்று மகள் கேட்கிறாள். கீழே இருப்பது சில நாள் ரொம்பவே மங்கிவிடுகிறது. பைனாகுலர் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: பெரியது கீழே இருப்பதுதான். மேலே தெரிவது சிரியஸ். கீழே இருப்பது கனோபஸ், நம் பக்கத்தில் அகத்தியர் நட்சத்திரம் என்பார்கள். அகஸ்தீஸ்வரம் என்று ஒரு தாலுகாவையே வைத்திருக்கும் மாவட்டத்தில் அந்த நட்சத்திரத்தை அடையாளம் தெரியாமல் இருக்கலாமா!

சிரியஸ் நம் சூரியனைப்போல் சுமார் 25 மடங்கு ஒளி விடுகிறது. கனோபஸ் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். ஆனால் சிரியஸ் இருப்பது 8.6 ஒளியாண்டு தொலைவில், கனோபஸ் இருப்பதோ ஏறக்குறைய 310 ஒளியாண்டு தொலைவில். தூரம் இரண்டு மடங்கானால் நம்மை எட்டும் வெளிச்சம் நாலில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. கனோபஸ் 36 மடங்கு தள்ளியிருப்பதால் 1,300இல் ஒரு பங்காகிப் போகிறது. அப்படியும் சிரியஸில் பாதியளவு பிரகாசம் மிஞ்சுகிறது. அதைத் தூக்கி சிரியஸ் இருக்கும் தூரத்தில் வைத்தால், அந்த வெளிச்சத்தில் நம் நிழல் மணலில் விழும்.

சில நாள் மங்குவதற்குக் காரணம் காற்று. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் சுமார் பத்து டிகிரி. கனோபஸ் அதிகபட்சம் ஏறுவது கடல்மட்டத்திலிருந்து மூன்று முஷ்டி உயரம்தான். (டெல்லியில் ஒரு முஷ்டிகூடத் தேறாது.) உச்சியில் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி கடக்கும் காற்றைப்போல் இரண்டு மடங்கு காற்றை இது கடந்து வரவேண்டும். அடிவானத்தை ஒட்டி இறங்கிவிட்டால் கிட்டத்தட்ட 40 மடங்கு. கடலோர ஈரப்பதமும் உப்புப் புகைச்சலும் கூடினால் கேட்கவே வேண்டாம்.

நிஜமாகவே மங்கும் நட்சத்திரங்களும் உண்டு. திருவாதிரை 2019 கடைசியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்தது. அது கக்கிய தூசியே அதை மறைத்தது.

சிமிட்டாமல் நிதானமாக, இவற்றையும் மிஞ்சிப் பிரகாசித்தால் அது வெள்ளியோ வியாழனோ. கோள்களை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

பைனாகுலர் இப்போதைக்கு வேண்டாம். அதில் பார்த்தாலும் நட்சத்திரம் புள்ளியாகத்தான் இருக்கும். தெருவிளக்கு படாத இடத்தில், செல்போனை எடுக்காமல் இருபது நிமிடம் இருந்தால் கண் பழகிவிடும். மழைக்காலம் தொடங்குமுன், மே மாதம் இரவு பதினொரு மணிக்கு மறுபடி கூட்டிப்போங்கள். தெற்கே தாழ்வாக இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி, 4.4 ஒளியாண்டு. வலப்பக்கம் பீட்டா சென்டாரி, 390 ஒளியாண்டு வாக்கில். இரண்டில் எது நிஜத்தில் அதிக ஒளி விடுகிறது என்பதை அவளே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.