நாட்டுக்கோழிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு கோழிக்குப் போகிறதா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “வீட்டில் நான்கு பேர். கறிக்கு மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. ஞாயிறுதோறும் ஒன்றரை கிலோ பிராய்லர் எடுப்போம். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கோழிப்பண்ணை வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டு வாரமாகக் கறியைத் தொடவில்லை. நாட்டுக்கோழி என்றால் சாப்பிடுகிறேன் என்கிறாள். இங்கே பிராய்லர் கறி கிலோ 240, நாட்டுக்கோழி 450. பாதி அளவு வாங்கினால் செலவு சரியாகிவிடுமா? அந்தக் கோழி கஷ்டப்படாமல்தான் வளர்ந்திருக்குமா?”

செலவு சரியாகாது. நீங்கள் சொல்லும் 450 பெரும்பாலும் உயிர் எடை விலையாகத்தான் இருக்கும், கடையில் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை கிலோ கோழிக்கு 675 ரூபாய் கொடுப்பீர்கள். இறகு, குடல், தலை, கால் எல்லாம் போக வீட்டுக்கு வருவது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கறிக் கணக்கில் கிலோ 690 ரூபாய். பிராய்லரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உயிர் எடை விலையையும் கறி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டு வாங்குபவரைக் குழப்புவது பல கடைகளில் நடக்கிறது.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று மகள் பார்த்த வீடியோவில் சொல்லியிருக்கலாம். அது உண்மையில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் அது, தீவனமும் அதற்கேற்றது. அதனால்தான் 35 முதல் 42 நாளில் இரண்டு கிலோ வந்துவிடுகிறது. அதன் கஷ்டமும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. உடம்பு வளரும் அளவுக்குக் கால் எலும்பு உறுதியாவதில்லை. கடைசி வாரத்தில் நடக்கச் சிரமப்பட்டு உட்கார்ந்தே கிடக்கும். கீழே விரித்த தேங்காய் மஞ்சி (நார்க்கழிவு) ஈரமாகி எச்சத்தோடு கலந்தால் அம்மோனியா கிளம்பும். உட்கார்ந்த இடத்தில் தோல் வெந்துபோகும்.

மஞ்சியைக் கிளறி, ஈரமானதை அள்ளி, புதிதாகப் போட்டால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். ஆனால் பல்லடம் பக்கம் ஒப்பந்தத்தில் வளர்க்கும் விவசாயிக்கு நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுத்துவிட்டு, வளர்ப்புக் கூலியாகக் கிலோவுக்குச் சில ரூபாய்தான் தருகிறது. மஞ்சி மாற்றும் செலவு அவர் தலையில். இதைச் சரிசெய்யாமல் விவசாயிகளைக் கூட்டி “விலங்கு நலன்” பயிற்சி நடத்துகிறார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களில் நானும் பேசியிருக்கிறேன். முன்வரிசையில் இருந்தவர் எழுந்து “சார், மஞ்சி லோடு யார் வாங்கித் தருவாங்க?” என்று கேட்டார். மேடையில் இருந்த யாரிடமும் பதில் இல்லை.

அப்படியானால் நாட்டுக்கோழி நல்லதுதானே என்பீர்கள். வீட்டுப் புறக்கடையில் மேய்ந்து வளர்ந்த சிறுவிடை, பெருவிடை போன்ற அசல் நாட்டு ரகம் என்றால் நல்லதுதான், சந்தேகமே இல்லை. விற்பனை எடைக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். ஊருக்கு ஊர், வருடம் முழுக்க, கேட்டபோதெல்லாம் கிடைக்கும் அளவுக்கு அப்படிப்பட்ட கோழி எங்கே இருக்கிறது? கடையில் அந்தப் பெயரில் நிற்பதில் பெரும்பகுதி, கொட்டகையில் நெருக்கி வளர்த்த கலப்பினம். “நாட்டுக்கோழி” என்று பலகை வைக்க எந்தச் சான்றும் தேவையில்லை. இடையில் வாங்கி விற்பவருக்கு அந்த ஒரு சொல்லே லாபம்.

போன வருடம் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு, வாட்ஸ்ஆப்பில் “மேய்ச்சல் நாட்டுக்கோழி” என்று விற்ற ஒரு வியாபாரியிடம் எட்டுக் கோழி சொல்லியிருந்தோம். கூடையைத் திறந்ததும் முதலில் அலகைப் பார்த்தேன். எட்டுக்கும் மேல் அலகு மழுங்கி, கீழ் அலகைவிடக் குட்டையாக இருந்தது. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கக் குஞ்சிலேயே சூடான பிளேடால் அலகை வெட்டிவிடுவார்கள். மேய்ந்து பிழைக்கும் கோழிக்கு யாரும் அலகு வெட்ட மாட்டார்கள், வெட்டினால் அது மண்ணைக் கொத்தித் தின்னச் சிரமப்படும். நல்ல அலகு என்றால் மேல் பாகம் கொஞ்சம் நீண்டு, கூர்மையாகக் கீழே வளைந்திருக்கும். இதைப் பார்க்க டாக்டர் வேண்டியதில்லை, உங்கள் மகளே பார்த்துவிடுவாள்.

கலப்பினம் என்றாலே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வனராஜா, கிராமப்பிரியா போன்றவை புறக்கடையில் வளர்ப்பதற்கென்றே ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ரகங்கள். சென்னை நந்தனத்தில் நம் கால்நடைப் பல்கலைக்கழகமும் இப்படிப்பட்ட கோழிகளை உருவாக்கியிருக்கிறது. சேவல்கள் இரண்டரை, மூன்று மாதத்தில் விற்பனை எடைக்கு வந்துவிடும். பிராய்லரைப் போலக் கால் மடங்கி உட்கார்வதில்லை, ஓடும், பறந்து கம்பில் ஏறும். தீவனத்தோடு மேய்ச்சலும் இருப்பதால் வளர்ப்புச் செலவு கட்டுக்குள் இருக்கும். உங்கள் பட்ஜெட்டுக்கும் மகளின் மனசுக்கும் நடுவில் இதுதான் பொருந்தும். ஆனால் விற்பவர் “இது கலப்பினம்தான், திறந்த இடத்தில் விட்டு வளர்க்கிறேன், வந்து பாருங்கள்” என்று தாமாகவே சொல்ல வேண்டும். விலையும் பிராய்லருக்கும் நாட்டுக்கோழிக்கும் நடுவில் இருக்க வேண்டும். கலப்பினத்தைக் காட்டி 450 கேட்டால் வாங்காதீர்கள். திருச்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஐம்பது, நூறு கோழி வளர்ப்பவர்கள் இருப்பார்கள். ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டால் பிறகு போனில் சொல்லி வைத்து வாங்கலாம்.

“ஆன்டிபயாடிக் இல்லாதது” என்று அச்சடித்த பாக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பதும் இன்னொரு ஏமாற்றம். கோழி, கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து தயாரிப்பதையும் விற்பதையும் மத்திய அரசு 2019இல் தடை செய்தது நல்ல காரியம், ஆனால் அது நம் உடம்புக்கான பாதுகாப்பு. கோழி எப்படி வாழ்ந்தது என்று அந்த அச்சு ஒரு வார்த்தையும் சொல்லாது.

பிராய்லர் வாங்கும் வாரங்களில் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடைக்காரர் காலை வெட்டி எறிவதற்கு முன்னால் பாதத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பாதத்தின் நடுவில் கறுப்பாகப் பொருக்கு, முழங்கால் போலத் தெரியும் மூட்டில் பழுப்பாக வெந்த தழும்பு இருந்தால் அது ஈர மஞ்சியில் கிடந்த கோழி. மஞ்சள், வெள்ளையாகச் சுத்தமான பாதம் என்றால் வளர்த்தவர் கொட்டகையைக் கவனித்திருக்கிறார். தோல் உரித்ததும் இறக்கை மூட்டில் சிவப்பாக ரத்தம் கட்டியிருந்தால், பிடிக்கும்போதோ வண்டியில் ஏற்றும்போதோ முரட்டுத்தனமாகக் கையாண்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று கடையைப் பார்த்து, சுத்தமான கால் எங்கே வருகிறதோ அங்கேயே வாங்குங்கள். ஏன் மாறினீர்கள் என்று பழைய கடைக்காரரிடமும் சொல்லுங்கள். நாலு பேர் சொன்னால் அவர் வியாபாரியை மாற்றுவார்.

வெட்டும் விதத்தையும் பாருங்கள். ஒரு உயிரின் கண்ணெதிரே இன்னொன்றை வெட்டக்கூடாது என்று இறைச்சிக்கூடங்களுக்கு 2001ஆம் ஆண்டே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. தெருக்கடையில் கூண்டு இன்னும் வெட்டும் கட்டைக்கு எதிரேதான் இருக்கிறது. உரிமம் புதுப்பிக்கக் கட்டணம் வாங்க வரும் அதிகாரிகளின் கண்ணில் அது படுவதே இல்லை. எனக்குக் கோபம் வரும் விஷயம் இது. ஒரு சாக்குத் துணியைக் கூண்டுக்கு முன்னால் தொங்கவிட எவ்வளவு ஆகும்? நீங்கள் கேளுங்கள். அறுத்தபின் துடிப்பு அடங்க இரண்டு மூன்று நிமிடம் விட்டு அப்புறம் வெந்நீரில் போடச் சொல்லுங்கள். கோடையில் காலையிலேயே போய்விடுங்கள். மதியம்வரை தண்ணீர் இல்லாமல் கூண்டில் வாய் திறந்து மூச்சு வாங்கும் கோழியை வாங்க வேண்டாம்.

இனி உங்கள் 1,500 ரூபாய். இரண்டு ஞாயிறு பிராய்லர், ஒன்றரைக்குப் பதில் ஒரு கிலோ: 480. ஒரு ஞாயிறு, பார்த்து வாங்கிய நாட்டுக்கோழி அல்லது கலப்பினம்: அதிகபட்சம் 675. மீதி 345இல் ஒரு ஞாயிறு மத்தி மீனோ முட்டைக் குழம்போ. பிராய்லர் வாரங்களில் மகள் சாப்பிடவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், அவளுக்கு முட்டை போதும்.

கிராமத்தில் சொல்லி வைக்கும்போது சேவலாகக் கேளுங்கள். வளர்ப்பவருக்கும் மிஞ்சிப்போகும் சேவல்தான் தீவனச் சுமை. குஞ்சோடு திரியும் தாய்க்கோழியைத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆடி மாதத்திலும் தீபாவளியை ஒட்டியும் விலை ஏறும், கலப்படமும் அப்போதுதான் கூடும், அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். சேவல் முற்றியதாக இருந்தால் குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக வையுங்கள்.